லெமான் ஏரியில் சுனாமி வந்தது உண்மையா?

கடலே இல்லாத சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரியில் சுனாமி வந்ததாகச் சொல்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், கி.பி. 563-இல் வந்தது. ஆனால் அந்த ஏரி உருவான விதத்தை அறிந்தால்தான் அது எப்படி நேர்ந்தது என்பது விளங்கும்.

அங்குள்ளவர்கள் லெமான் என்றழைக்கும் இந்த ஏரி, பனியூழிக் காலங்களில் ரோன் பனியாறு ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து இறங்கி வந்து அகழ்ந்துவிட்டுப் போன பள்ளம். கடல் மட்டத்துக்கு மேல் 372 மீட்டர் உயரத்தில், பிறை வடிவில், சுமார் 580 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. மிக ஆழமான இடத்தில் 310 மீட்டர். பனியாறு பின்வாங்கிய தடத்திலேயே இன்று ரோன் ஆறு வந்து கிழக்கு முனையில் கலந்து, மேற்கு முனையில் ஜெனீவா நகரின் ஊடே வெளியேறுகிறது.

ஆறு கலக்கும் இடத்தைக் கோடையில் நான் கரையில் நின்று நெடுநேரம் பார்த்திருக்கிறேன். பனியாறுகள் அரைத்த பாறைத்தூளைச் சுமந்து சாம்பல் நிறத்தில் வரும் ஆற்றுநீர், ஏரியின் நீலத்தைத் தொட்டதும், கோடு கிழித்தாற்போல் ஓரிடத்தில் மறைந்துவிடுகிறது. குளிர்ச்சியாலும் வண்டலாலும் கனத்த அந்த நீர் ஏரிக்கடியில் மூழ்கி, அடித்தரையில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த வண்டல் மேட்டில்தான் உங்கள் கேள்விக்கான விடை புதைந்திருக்கிறது.

563-இல் ரோன் பள்ளத்தாக்கில் தவுரெதுனும் என்ற இடத்தில் ஒரு மலை சரிந்தது. ஏரியில் எழுந்த அலை கரையோர ஊர்களை அழித்ததையும், ஜெனீவாவின் பாலத்தையும் ஆலைகளையும் அடித்துச் சென்றதையும் அக்காலத்து ஆயர் மாரியுஸ் பதிவு செய்திருக்கிறார். சரிந்த மலை ஆற்றை மறித்து, தேங்கிய நீர் பின்னர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது என்று கிரகோரி என்ற மற்றோர் ஆயர் எழுதினார். எனக்கு அதைவிட ஏற்புடையதாகத் தோன்றுவது, ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட விளக்கம். ஏரியின் அடித்தரையில் 10 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒரே வண்டல் படலத்தை அவர்கள் கண்டறிந்தார்கள். மலைச்சரிவின் தாக்கத்தில் ஆற்றுமுக வண்டல் மொத்தமாக வழுக்கி ஆழத்தில் இறங்கியபோது மேலேயிருந்த நீர் அலையாக எழுந்தது என்பதும், லொசான் கரையில் 13 மீட்டர் உயர்ந்த அந்த அலை ஏறத்தாழ 70 நிமிடங்களில் ஜெனீவாவை 8 மீட்டர் உயரத்தில் எட்டியிருக்கும் என்பதும் அவர்கள் கணிப்பு.

ரோன் இன்றும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அக்காலத்து ஜெனீவா பெரும்பாலும் குன்றின்மேல் இருந்தது. இன்றைய நகரமோ கரையோரத் தாழ்நிலம் வரை இறங்கி வந்துவிட்டது.