மகள் அரசுக் கல்லூரியிலேயே சேரட்டும்

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் காப்பித் தோட்டக் கூலி வேலைக்குப் போகிறேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டாள். எஸ்.டி. சான்றிதழ் இருக்கிறது. சேலத்தில் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைக்கும் என்கிறார்கள். என் அண்ணனோ, "அரசாங்கம் அங்கே பணம் ஒதுக்குவதில்லை, வாத்தியாரும் கிடையாது. கடன் வாங்கியாவது தனியாரில் சேர்த்துவிடு" என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: அன்புச் சகோதரி, அரசுக் கல்லூரியிலேயே சேருங்கள். கடன் வாங்க வேண்டாம்.

உங்கள் அண்ணன் இல்லாததைச் சொல்லவில்லை. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. அந்த வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது நிரந்தரப் பணியில் இல்லாத தற்காலிக ஆசிரியர்கள், நடத்துகிறார்கள். ஒரு விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. தமிழ்நாட்டில் அவர்கள் வாங்குவது அதில் பாதிதான். சில இடங்களில் பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் ஆள் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். அரசு தரவேண்டிய சம்பளம் உங்களைப் போன்ற பெற்றோரின் மடியிலிருந்து போகிறது என்பதுதான் இதற்குப் பொருள். இது எனக்கு ஆறாத வருத்தம்.

பல்கலைக்கழகங்களின் நிலைமையும் இதேதான். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. அரசு மானியம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதால் வரிவிலக்கு செல்லாது என்பது அத்துறையின் வாதம். அரசு தொடங்கிய பல்கலைக்கழகத்தையே அரசுப் பணத்தில் நடப்பதாகச் சொல்ல முடியாத காலம் வந்துவிட்டது. கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1966இல் பரிந்துரைத்தது. அந்த அளவை ஒன்றிய, மாநில அரசுகள் இன்றுவரை எட்டவில்லை.

ஆனால் "வாத்தியாரே கிடையாது" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கௌரவ விரிவுரையாளர்களில் பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். குறைந்த சம்பளம் அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. அதை வைத்து அவர்கள் நடத்தும் பாடத்தை மட்டமாக எண்ணிவிடாதீர்கள். தனியார் கல்லூரிகளிலும் ஆசிரியர் சம்பளம் பல இடங்களில் இதைவிடக் குறைவு. கட்டணம் மட்டும் பல மடங்கு. அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது. சிறு கட்டணங்கள்தான்.

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். நல்ல திட்டம், மனமார வரவேற்கிறேன். ஆனால் மாணவியின் கையில் பணம் தருகிற அரசு, அவள் உட்காரும் வகுப்புக்கு ஆசிரியரையும் தர வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

வேதியியல் என்பதால் ஆய்வகம் முக்கியம். சேர்வதற்கு முன் ஒரு வேலை நாளில் மகளுடன் கல்லூரிக்குப் போங்கள். துறையில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, செய்முறை வகுப்பு வாரம் எத்தனை மணி நேரம் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவிகளிடமும் விசாரியுங்கள். சேர்ந்த பிறகு வகுப்பு நடக்காமல் போனால், பெற்றோர்கள் சேர்ந்து முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். நகலைக் கல்லூரிக் கல்வித் துறைக்கும் அனுப்புங்கள்.

ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் இரண்டு முறை கடந்து படிப்பது உடம்புக்கு ஆகாது. பழங்குடியினர் நலத் துறை நடத்தும் விடுதியில் இடம் கேளுங்கள். கலந்தாய்வுக்குப் போகும்போது சாதி, வருமானச் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், ஆதார், மகள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துச் சென்று, விடுதி விண்ணப்பம், கல்வி உதவித்தொகை, புதுமைப் பெண் மூன்றையும் அன்றே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.