இடப்பக்கம் திரும்பியிருந்தால்...

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு மூலையில், "மாற்று உலகம் வருகிற தொலைக்காட்சித் தொடர் என்றால் சோறு ஆறினாலும் எழும்பமாட்டேன்" என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இவை. நெல் விலை, யானை வேலி, வெட்டுப்புள்ளி பற்றிக் கேட்டவர்கள் கோவிக்கக்கூடாது, உங்கள் முறை அடுத்த இதழில்.

மாற்று உலகக் கதையும் காலப்பயணக் கதையும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு பெயர்?
– உயர்தர மாணவன், பரந்தன்

தம்பி, காலப்பயணத்தில் நீர் ஒரே றோட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் போகிறீர். மாற்று உலகத்தில் றோட்டே வேறு. ஆனால் இரண்டும் அடிக்கடி கலந்துவிடும். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்கப்பல் தொடரில், 1967 ஏப்ரலில் ஒளிபரப்பான ஒரு அத்தியாயத்தில், கப்பலின் வைத்தியர் 1930களின் நியூயோர்க்குக்குப் போய், வாகனத்தில் அடிபட்டுச் சாக இருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிடுகிறார். அவள் நல்லவள், சமாதானம் பேசுகிறவள். அவளுடைய இயக்கத்தால் அமெரிக்கா போருக்குள் இறங்கப் பிந்துகிறது, ஹிட்லர் வென்றுவிடுகிறான். பிறகு அதைச் சரிசெய்ய, அவளைக் காதலிக்கிற கப்டன் கேர்க்கே பக்கத்தில் நின்று அவளைச் சாகவிட வேண்டிவருகிறது.

பௌதிகம் படிக்கிறவர் என்றால் ஹியூ எவரெட் என்ற பெயரைத் தேடிப் பாரும். ஒவ்வொரு குவாண்டம் அளவீட்டிலும் எல்லா விடைகளும் நடக்கின்றன, உலகம் கிளைவிட்டுக்கொண்டே போகிறது என்ற கருத்தை 1957இல் வெளியிட்டவர். அவருடைய கணக்கில் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவ வழியில்லை. தொடர் எழுதுகிறவர்கள் அந்த ஒரு விஷயத்தை மட்டும் கண்டும் காணாத மாதிரி விட்டுவிடுவார்கள். ரீவியில் பார்த்ததைப் பரீட்சையில் எழுதிப்போடாதேயும்.

எல்லா விஞ்ஞானத் தொடரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த 'மற்ற உலகம்' விளையாட்டை விளையாடுகிறதே, கதைப் பஞ்சமா?
– புளியங்குளம் வாசகர்

முதல் காரணம் காசு. அதே கப்பல், அதே நடிகர்கள், உடுப்பை மாற்றி லைற்றைக் கொஞ்சம் மங்கலாக்கினால் புது உலகம் தயார். இரண்டாவது, வருடக்கணக்காக நல்லவனாகவே நடித்துச் சலித்த நடிகருக்கு ஒரு கிழமையாவது கெட்டவனாக நடிக்கக் கிடைக்கிறது. அதைத் திரையிலேயே பார்க்கலாம், அவ்வளவு சந்தோஷம் அந்த முகங்களில்.

இதை எனக்குக் காட்டித்தந்தது 1967 ஒக்டோபரில் வந்த 'மிரர், மிரர்' என்ற ஸ்டார் ட்ரெக் அத்தியாயம். ஆட்களை நொடியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புகிற இயந்திரம் புயல் ஒன்றில் பிசகி, கப்டன் உட்பட நாலு பேர் இன்னொரு உலகத்துக் கப்பலில் போய் இறங்குகிறார்கள். கப்டனுக்கு அடுத்த அதிகாரி ஸ்பொக் உட்பட, முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். ஆனால் அங்கே மேலதிகாரியைக் கொன்றால்தான் பதவி உயர்வு.

நான் இதைப் பார்த்தது 2002இல், ஏ9 பாதை திறந்த பிறகு ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா வந்திருந்த நேரம். வட்டக்கச்சி வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தின் கீழ் ஒரு கதிரையில் அவருடைய மடிக்கணினி. அதன் பற்றரி எப்போதோ செத்துவிட்டது, வயர் செருகினால்தான் உயிர் வரும். பக்கத்து வீட்டு ஜெனரேற்றரை இரவல் வாங்கி, மண்ணெண்ணெய் ஊற்றி, அது போட்ட சத்தத்தில் ஒரு வசனமும் கேட்காமல் ஒன்பது பேர் சுற்றி இருந்து பார்த்தோம். கேட்டிருந்தாலும் இங்கிலீசு யாருக்கு விளங்கியது! சித்தப்பா கத்திக் கத்தி மொழிபெயர்த்தார். "இவன் எங்கட ஸ்பொக் இல்லை, மற்றவன்." அண்ணா, "எந்த மற்றவன்?" சித்தப்பா, "அங்கத்தையான்." அண்ணா, "அப்ப எங்கட ஆள் எங்க?" சரியாக அந்த நாலு பேரும் வீடு திரும்ப அந்த இயந்திரத்தின் மேடையில் ஏறுகிற இடத்தில் எண்ணெய் முடிந்தது.

விடிய சித்தப்பா கொழும்பு பஸ் ஏறிவிட்டார். பிறகு மாதக்கணக்காக முடிவு சொல்லி முடிவு சொல்லிச் சண்டை. கேர்க் அங்கேயே நின்று அந்த உலகத்தைத் திருத்துவான் என்பது அண்ணாவின் கட்சி. பிழையான நாலு பேர் இங்கே வந்துவிட்டார்கள், ஒருவருக்கும் தெரியாது என்பது என்னுடையது. பல வருடம் கழித்து வவுனியாவில் முழுவதையும் பார்த்தேன். நாலு பேரும் பத்திரமாக வீடு வந்து சேர்கிறார்கள். அண்ணா சொன்ன முடிவுதான் எனக்கு இன்னும் பிடித்தது.

கெட்ட உலகத்து ஆள் என்றால் தாடி வைத்திருப்பான் என்ற வழக்கம் எங்கே தொடங்கியது?
– வற்றாப்பளை வாசகி

மேலே சொன்ன ஸ்பொக்கில். குறுந்தாடி வைத்த அவனை அன்றைக்கே எங்கள் அம்மம்மா ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்: "தாடி வைச்சவன் கெட்டவன் எண்டா, உங்கட பெரியப்பாவை என்ன செய்யிறது?" இன்னொன்று, அந்தக் கதையில் தாடிக்காரன்தான் சொன்னால் கேட்கக்கூடிய ஒரே ஆள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று என் வகுப்புப் பிள்ளைகள் சொல்கிறார்கள். எங்களிடம் இல்லையா?
– ஆசிரியை, மாங்குளம்

இருக்கிறது ரீச்சர். ஞானவாசிட்டம் என்ற பழைய தத்துவ நூலில் காதி என்ற பிராமணனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குளத்தில் முழுகுகிறான். முழுகிய அந்தக் கணத்துக்குள் இறந்து, தாழ்ந்ததென்று ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்து, பெண் கட்டி, பிள்ளைகளைப் பறிகொடுத்து, அலைந்து, பட்டத்து யானை மாலை போட்டு ஒரு நாட்டுக்கே அரசனாகி, கடைசியில் குட்டு வெளிப்பட்டுத் தீயில் விழுகிறான். தலையை வெளியே எடுத்தால் அதே குளம். இதோடு நிறுத்தியிருந்தால் வெறும் கனவுக் கதை. ஆனால் பிறகு ஒரு விருந்தாளி வந்து, அப்படியொரு அரசன் அந்த நாட்டை ஆண்டான் என்று சொல்கிறான். காதி நடந்தே போய்ப் பார்க்கிறான். அவன் இருந்த சேரி, ஆண்ட அரண்மனை, எல்லாம் அங்கே இருக்கிறது! போய்ச் சரிபார்க்கிற அந்தப் பயணம்தான் எனக்கு அசல் விஞ்ஞானக் கதை.

பஸ்சைப் பிடித்தவன் வாழ்க்கை ஒன்று, தவறவிட்டவன் வாழ்க்கை இன்னொன்று என்று 2001இல் '12பி' படமும் வந்ததே. அதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், பாட்டுக்காகவாவது.

கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. அப்படியானால் முக்கால் மணித்தியாலம் பார்த்தது வீண்தானே? ஏமாற்று வேலை!
– புதுக்குடியிருப்பு வாசகர்

அண்ணை, பாதி சரி. அழித்துவிட்டு, ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை, வாருங்கள் தேத்தண்ணி குடிப்போம் என்று முடிக்கிற கதைகள் ஏமாற்றுத்தான். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: யாராவது ஒருவருக்கு ஞாபகம் இருக்கவேண்டும், அல்லது ஏதாவது ஒன்று திரும்பாமல் போகவேண்டும்.

ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தலைமுறைத் தொடரில் 1990 பெப்ரவரியில் வந்த 'யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்' அத்தியாயத்தைப் பாருங்கள். 22 வருடம் பழைய கப்பல் ஒன்று காலத்தின் ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வந்துவிட, அந்தக் கணத்திலேயே எல்லாம் மாறிவிடுகிறது. சமாதானக் கப்பல் போர்க்கப்பலாகிறது, இருட்டு, எல்லார் இடுப்பிலும் ஆயுதம். தோற்கப்போகிற ஒரு போர் வருடக்கணக்காக நடக்கிறது. அந்தப் பழைய கப்பல் ஓடிப்போய் அழிந்திருக்கவேண்டிய சண்டையில் அழியாததுதான் காரணம். இது பிழை என்று ஒருத்திக்கு மட்டும் உள்ளுக்குள் தெரிகிறது. கப்பலில் தவறணை நடத்துகிற கைனன், வூபி கோல்ட்பேர்க் நடித்தது. சரியான உலகத்தில், 1988இல் வந்த அத்தியாயத்திலேயே அநியாயமாகச் செத்துப்போன கப்பல் அதிகாரி டாஷா இங்கே உயிரோடு நிற்கிறாள். கைனனுக்கு அவளை நேருக்கு நேர் பார்க்கவே முடியவில்லை. கடைசியில் டாஷாவே உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீணாகச் செத்தவளாக இருக்க விருப்பமில்லை என்று, சாகப்போகிற அந்தப் பழைய கப்பலில் தானாக ஏறுகிறாள். உலகம் பழையபடி ஆகிறதுதான். ஆனால் அடுத்த வருடம் அதே முகத்தோடு ஒரு எதிரி வருகிறாள், டாஷாவின் மகள் என்று! அழித்த சிலேற்றில் எழுத்து தெரிகிற மாதிரி.

'மிரர், மிரர்' கதைக்கும் பாக்கி இருந்தது. கேர்க் புறப்படுமுன் தாடி ஸ்பொக்கிடம், இந்தக் கொடுமை ஆட்சியை மாற்று என்று புத்தி சொல்லிவிட்டு வருகிறான். நாங்களும் சந்தோஷமாக நித்திரைக்குப் போனோம். 27 வருடம் கழித்து, 1994இல், 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் அந்த உலகத்துக்குத் திரும்பப் போகிறார்கள். ஸ்பொக் சொன்னபடி திருத்தியிருக்கிறான். திருத்தியதால் பலம் குறைந்து, பக்கத்து எதிரிகள் சேர்ந்து அடித்து, அங்கே மனிதர் எல்லாரும் அடிமை. ஒரு நாள் மட்டும் நின்றுவிட்டு வெளிநாட்டுக்காரன் சொல்லிப்போகிற ஆலோசனை பற்றி இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

ஒரேயொரு அத்தியாயம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்க?
– தருமபுரம் வாசகி

'டொக்டர் ஹூ' என்ற பிரித்தானியத் தொடரில் 2008 ஜூனில் வந்த 'டேர்ன் லெஃப்ட்'. டொனா என்று ஒரு தற்காலிக எழுதுவினைஞர். சின்னச் சந்தி ஒன்றில் காரை நிறுத்தியிருக்கிறாள். இடப்பக்கம் போனால் ஒரு வேலை. பக்கத்தில் இருக்கிற அம்மா, வலப்பக்கம் போ, அங்கேதான் நிரந்தர வேலை என்று நச்சரிக்கிறார். உண்மையில் அவள் இடப்பக்கம் போய், அந்த வேலையால் டொக்டர் என்ற காலப்பயணியைச் சந்தித்து, ஒரு இரவு அவரை "போதும், நிறுத்து" என்று சொல்லிக் காப்பாற்றியவள். இந்தக் கதையில் வலப்பக்கம் திரும்பவைக்கப்படுகிறாள். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் டொக்டர் சாகிறார். பிறகு அவர் தடுத்த ஆபத்துகள் எல்லாம் தடுக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாக நடக்கின்றன.

அதுவரை சாதாரண விஞ்ஞானக் கதைதான். லண்டன் அழிந்த பிறகுதான் வயிற்றைப் பிசையத் தொடங்கும். தெற்கிலிருந்து ஓடிய சனங்களை லீட்ஸ் நகரத்து வீடுகளில் பங்குபோட்டு விடுகிறார்கள், ஒரு வீட்டுக்குள் பல குடும்பம். டொனாவின் அம்மா எங்கேயோ பார்த்தபடி, மகள் கேட்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார். அந்த முகத்தை நான் நடிப்பில் இல்லாமல் நேரிலேயே பார்த்திருக்கிறேன், நீங்களும்தான். இரவில் எல்லாரும் சேர்ந்து பாட்டுப் பாடுவார்கள். பிறகு ஒரு நாள் அதே வீட்டிலிருந்த இத்தாலியக் குடும்பத்தை மட்டும் லொறியில் ஏற்றுகிறார்கள். ஏறுகிறவர் சிரித்துச் சமாளிக்கிறார். எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது டொனாவுக்கு விளங்கவில்லை. பழைய போரைக் கண்ட தாத்தாவுக்கு விளங்குகிறது.

எங்கள் வீட்டில் இதைப் போட்டபோது, சந்திக் காட்சியிலேயே அம்மம்மா தொடங்கிவிட்டார். "நாங்களும் அண்டைக்குப் பரந்தன் சந்தியில வலப்பக்கம் திரும்பாம விட்டிருந்தா..." வலப்பக்கம் முல்லைத்தீவு றோட்டு, 2008 கடைசி, மிச்சம் உங்களுக்குத் தெரியும். சித்தி, "இடப்பக்கம் பூநகரி. அங்க போய் என்ன செய்திருப்பியள்?" என்றார். அம்மம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. இருந்தும் அடுத்த கிழமை திரும்பவும் அதே சந்தியில் நின்றார்.

மறு உலகத்தில் நீங்கள் என்னவாக இருப்பீர்கள்?
– முறிகண்டி வாசகர்

உங்கள் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் வறுத்துக்கொண்டு. இதைவிட வருமானம்.

போர் நடக்காத வன்னியைப் பற்றி ஒரு குறுந்தொடர் எழுதுகிறேன். அங்கே எல்லாரும் இருக்கிறார்கள், எல்லாரும் சந்தோஷம். இங்கேயிருந்து ஒரு பெடியன் அங்கே போகிறான். ஆலோசனை சொல்லுங்கள்.
– பல்கலைக்கழக மாணவன், கிளிநொச்சி

முதலில் வீட்டில் ஒரு கேள்வி கேளும்: அம்மாவும் அப்பாவும் எங்கே சந்தித்தார்கள்? 1995இல் வலிகாமத்தால் வெளிக்கிட்டு வந்த குடும்பமும் இங்கத்தைக் குடும்பமும் ஒரே கிணற்றில் தண்ணி அள்ளப்போய்ப் பழகியது என்றால், தம்பி, உமது அந்தச் சந்தோஷமான வன்னியில் நீர் பிறக்கவே இல்லை. அங்கே போகிற பெடியனுக்குத் தன் வீட்டுக் கதவைத் தட்டினால் யார் திறப்பார்? அதிலிருந்து தொடங்கினால் கதை தானாக ஓடும்.

'ஃப்ரிஞ்ச்' என்ற தொடரைப் பாரும், 2008 முதல் 2013 வரை வந்தது. அதன் மறு உலகத்தில் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரம் இடியாமல் நிற்கிறது, சுதந்திரதேவி சிலை பச்சை ஏறாமல் செப்பு நிறத்தில் மினுங்குகிறது. ஆனால் அங்கே ஒரு பிள்ளை இல்லை. இங்கே தன் மகன் செத்துப்போன ஒரு விஞ்ஞானி, 1985இல் அந்தப் பக்கம் போய், நோயில் கிடந்த மற்ற மகனைச் சுகப்படுத்தவென்று தூக்கிவந்துவிட்டான். சுகமானதும் திருப்பிக் கொடுப்பதுதான் எண்ணம். ஆனால் மனைவி கண்டுவிட்டாள், பிறகு எப்படிக் கொடுப்பது? அந்தக் கடத்தலால் மறு உலகமே கீறல் விட்டுக் கிழிகிறது. இரண்டு பக்கமும் ஒரு தாய், ஒரு பிள்ளை.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்லுகிறேன். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரை மறு உலகத்தில் கண்டுபிடித்து, கடைசியில் "அது வேறு ஆள்" என்று திருப்பம் வைக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடும். கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தில் குந்திய அம்மாமார் உமது ஊர்க்காரர். அவர்கள் பார்க்கக்கூடிய கதையாக எழுதும்.

வித்தியாசங்களைப் பெரிதாக யோசிக்கவும் வேண்டாம். 1995இல் தொடங்கிய 'ஸ்லைடர்ஸ்' தொடரில், உலகம் உலகமாகத் தாவி வீட்டைத் தேடுகிற நாலு பேர் ஒருமுறை உண்மையாகவே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். நேரம் மட்டுமட்டு. வீட்டுக் கேற் எப்போதும் கிறீச்சிடும் என்று அந்தப் பெடியனுக்குத் தெரியும். தள்ளிப் பார்க்கிறான், சத்தம் இல்லை. இது எங்கள் வீடு இல்லை என்று அடுத்த உலகத்துக்குத் தாவிவிடுகிறான். யாரோ எண்ணெய் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2010இல் நாங்கள் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது வேப்பமரம் இல்லை, கூரை இல்லை, வேலி இருந்த இடத்தில் ஆளுயரப் பற்றை. இது எங்கள் காணிதானா என்று அப்பாவுக்கே சந்தேகம். கிணற்றடிக்குப் போனார். கப்பியும் இல்லை. கிணற்றுக்கட்டில் கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். தெற்குப் பக்கத்தில் கயிறு உரஞ்சி உரஞ்சி விழுந்த மூன்று தவாளிப்புகள். ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓம், இதுதான். சாமானை இறக்குங்கோ" என்றார்.