ஹிருஷிகேஷ் முகர்ஜியின் நகைச்சுவைப் படங்கள்: மும்பைத் தமிழர்கள் கேட்டவை, என் பதில்கள்

1957-இல் வந்த ‘முசாஃபிர்’ முதல் 1998-இல் வந்த ‘ஜூட் போலே கவ்வா காட்டே’ வரை 40-க்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர் ஹிருஷிகேஷ் முகர்ஜி. அவற்றில் எனக்குப் பிடித்த நகைச்சுவைப் படங்கள் எவை, ஏன் பிடிக்கும் என்று மும்பையின் பல மூலைகளிலிருந்தும் நம்மவர்கள் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

மாட்டுங்காவிலிருந்து: மாமி, இத்தனை படங்களில் எதைத்தான் முதலில் பார்ப்பது? உங்கள் வரிசை என்ன?

முதலில் ‘கோல்மால்’ (1979). அதற்கு அடுத்தபடி ‘சுப்கே சுப்கே’ (1975). மூன்றாவது ‘கூப்சூரத்’ (1980). நான்காவதாக ‘பாவர்ச்சி’யா (1972), ‘குட்டி’யா (1971) என்றால் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. விருதையோ வசூலையோ வைத்து நான் வரிசை போடவில்லை. தொலைக்காட்சியில் படம் பாதி ஓடிக்கொண்டிருக்கிறது, அடுப்பில் வேலை கிடக்கிறது. அப்போதும் உட்கார்ந்து பார்த்துவிடுகிறேனா என்பதே என் கணக்கு. ‘கோல்மால்’ ஓடும் நாளில் எங்கள் வீட்டில் சாப்பாடு தாமதமாகத்தான் வரும்.

செம்பூரிலிருந்து: ‘தில்லு முல்லு’ பார்த்து வளர்ந்தவள் நான். ‘கோல்மால்’ அதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது, அக்கா?

உயர்ந்தது என்று நான் சொல்லவே மாட்டேன். 1981-இல் கே. பாலசந்தர் அந்தக் கதையை எடுத்துத் தமிழுக்கென்றே சமைத்துக் கொடுத்தார். ரஜினிகாந்துக்கு அது முதல் முழுநீள நகைச்சுவைப் படம். உத்பல் தத் செய்த முதலாளி வேடத்தில் தேங்காய் சீனிவாசன் நின்ற இடத்தில் வேறு யாரையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இருந்தும் ‘கோல்மால்’ எனக்கு முதலில் வருவதற்குக் காரணம் அமோல் பாலேகர். வேலைக்கான நேர்காணலை மறுபடி பாருங்கள். விளையாட்டுப் பைத்தியமான ராம்பிரசாத், குட்டையான ஜிப்பாவும் மீசையுமாக வந்து உட்காருகிறான். விளையாட்டுப் பைத்தியங்களையும் மீசையில்லாதவர்களையும் பிடிக்காத முதலாளி பவானி சங்கர், கால்பந்து வீரர் பெலேயைப் பற்றிக் கேட்கிறார். விளையாட்டின் வாசனையே அறியாத பிள்ளைபோல் ராம்பிரசாத் விழிக்கிறான். பாலேகர் குரலை உயர்த்தவில்லை, கண்ணைக்கூட உருட்டவில்லை. அவ்வளவு அப்பாவியாக ஒருவனால் பொய் சொல்ல முடியுமா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. ரஜினி அதே பொய்யைச் சொல்லும்போது அவருடைய துள்ளல் எங்கோ ஓர் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. அந்தத் துள்ளலுக்காகத்தான் அவரை ரசிக்கிறோம். பாலேகரோ காலையில் விரார் வண்டியில் நம் பக்கத்தில் நின்று போகிறவர். அவர் ஹாக்கி ஆட்டத்தில் முதலாளியின் கண்ணில் பட்டுவிட்டு, அது என் இரட்டைச் சகோதரன் என்று சாதிக்கும்போது, நம்முடைய வேலையே போய்விடும்போல் வயிறு கலங்குகிறது. சிரிப்பும் அந்தக் கலக்கமும் சேர்ந்தே வருவதுதான் எனக்குப் பிடித்தது.

இரண்டையும் பாருங்கள் அம்மா. ஒன்றைப் பார்த்தால் மற்றதன் சுவை கூடும்.

முலுண்டிலிருந்து: என் இந்தி கடைத்தெருவோடு சரி. ‘சுப்கே சுப்கே’யில் சுத்த இந்தி பேசுகிறார்களாமே, எனக்குப் புரியுமா?

உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். மனைவியின் அக்கா கணவர் ராகவேந்திரர் தன்னைப் பெரிய அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருப்பவர். அவரை ஏமாற்ற, தாவரவியல் பேராசிரியரான தர்மேந்திரா கார் ஓட்டுநர் வேடத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்து வடமொழி கலந்த இந்தியாகப் பொழிகிறார். போஜனம், வாகனம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் புழங்கிய சொற்கள் அதில் நிறைய வரும். ஆங்கிலம் கற்கும் சாக்கில், ‘ஜி ஓ’ என்றால் ‘கோ’, ‘டி ஓ’ என்றால் மட்டும் ஏன் ‘டூ’ என்று அவர் கேட்கும் கட்டத்துக்கு எந்த மொழியும் தேவையில்லை.

இன்னொன்று: 1975-இல்தான் ‘ஷோலே’யும் வந்தது. அதில் துப்பாக்கி பிடித்த அதே தர்மேந்திராவும் அமிதாப் பச்சனும் இங்கே பேராசிரியர்களாக வந்து ஒரு வீட்டுக் கூடத்தில் ஆள்மாறாட்டம் செய்கிறார்கள். அந்தப் படத்தை ஊரே கொண்டாடுகிறது; நான் இதைக் கொண்டாடுகிறேன்.

சயானிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: துரத்தல், அடிதடி, வழுக்கி விழுதல் எதுவுமே இல்லாமல் எப்படிச் சிரிக்க வைக்கிறார்?

நல்ல கேள்வி தம்பி. அவர் அடிப்படையில் படத்தொகுப்பாளர். கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸில் தொழில் பழகி, பிமல் ராயோடு பம்பாய்க்கு வந்தார். ‘தோ பீகா ஜமீன்’ (1953), ‘மதுமதி’ (1958) ஆகியவற்றைத் தொகுத்த கை அது. மலையாளத்தின் ‘செம்மீன்’ (1965) படத்தொகுப்பிலும் அவர் பங்கு உண்டு.

நகைச்சுவையில் வசனத்தைப் பேசுபவர் பாதி வேலைதான் செய்கிறார். அதைக் கேட்பவர் முகத்தை எப்போது காட்டுவது, எத்தனை நேரம் காட்டுவது என்பதில் மீதிப் பாதி இருக்கிறது. ‘சுப்கே சுப்கே’யில் தர்மேந்திரா பேசப் பேச, ராகவேந்திரராக வரும் ஓம் பிரகாஷின் முகத்தில் முதலில் பெருமிதம், பிறகு குழப்பம், பிறகு எரிச்சல். ஒரு நொடி முன்னால் வெட்டியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது, ஒரு நொடி பின்னால் வெட்டியிருந்தால் அலுத்திருக்கும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் ஒலியை அடைத்துவிட்டுப் பார். நான் சொல்வது விளங்கும்.

கதையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பொய் சொல்பவன் கெட்டவன் இல்லை, ஏமாறுபவரும் கெட்டவர் இல்லை. ஒருவருக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது, அவ்வளவுதான். மீசைப் பிடிவாதம், மொழிப் பிடிவாதம், ‘கிஸி ஸே நா கெஹனா’வில் (1983) படிக்காத மருமகள்தான் வேண்டும் என்கிற பிடிவாதம். அந்தப் பிடிவாதம் கரையும்வரை படம் ஓடும். மாமனாரோ மேலதிகாரியோ இப்படி ஒருவர் நம் எல்லோருக்கும் வாய்த்திருக்கிறார்.

டோம்பிவிலியிலிருந்து: உங்கள் வரிசையில் ‘ஆனந்த்’ இல்லையே! அநியாயம் அல்லவா, மாமி?

‘ஆனந்த்’ (1971) எனக்கும் உயிர்தான். பம்பாய் நகரத்துக்கும் ராஜ் கபூருக்கும் காணிக்கையாக்கப்பட்ட படம். இந்த ஊரில் பிழைக்க வந்த நம்மால் அதை மறக்க முடியுமா? முன்பின் தெரியாதவரை ராஜேஷ் கன்னா ‘முராரிலால்’ என்று கூப்பிடுவதும், ஜானி வாக்கர் சளைக்காமல் பதிலுக்கு வேறொரு பெயரைச் சொல்லி அழைப்பதும் அற்புதமான நகைச்சுவை. ஆனால் சாகப் போகிறவன் அவன் என்று தெரிந்தபின் அந்தச் சிரிப்பின் நிறமே மாறிவிடுகிறது. அதை நகைச்சுவைப் படங்களோடு போட்டிக்கு விட எனக்கு மனமில்லை.

வாஷியிலிருந்து: ‘பாவர்ச்சி’ ஒரே உபதேசமாக இருக்கிறது என்கிறாள் என் மகள்.

மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சமையல்காரர் ரகு ஒவ்வொருவருக்கும் புத்தி சொல்லிக்கொண்டே இருப்பார். என்றாலும் முதல் கால் மணி நேரத்தை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். படத்தின் எழுத்தோட்டத்தையே அமிதாப் பச்சன் குரலில் வாசித்துவிடுகிறார்கள். காலைக் காபிக்குச் சண்டை போடும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். ‘சாந்தி நிவாஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்ட வீட்டில் தேநீருக்கு அதே சண்டை. ‘போர் ஆயி கயா அந்தியாரா’ பாட்டில் அந்த வீடே ஒன்றுகூடிப் பாடுவதைப் பார்த்தபிறகும் மகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். மூலக்கதை தபன் சின்ஹாவின் வங்காளப் படம். 1974-இல் மு.க. முத்து நடித்த ‘சமையல்காரன்’ அதே கதைதான்.

அந்தேரியிலிருந்து: பிடிக்காத படம் எது?

கடைசிப் படம். 1998-இன் வேகத்துக்கு அவருடைய நிதானத்தை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், பொருந்தவில்லை. ஒரு முறை பார்த்ததோடு சரி.

தாராவியிலிருந்து: நடிகர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர்?

எல்லோரும் உத்பல் தத் என்பார்கள். நான் தீனா பாடக் என்பேன். ‘கோல்மால்’ படத்தில் பொய்யான அம்மாவாக நடிக்க ஒப்புக்கொண்டு திண்டாடுபவர், அடுத்த ஆண்டே ‘கூப்சூரத்’தில் வீடு முழுவதையும் பார்வையால் அடக்கி ஆள்கிறார். இருவரும் ஒருவரே என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ரேகாவின் துடுக்குத்தனம் அவ்வளவு எடுபடுவதற்கு எதிரே அந்த மலை அசையாமல் நிற்பதுதான் காரணம்.

ஆன்டாப் ஹில்லிலிருந்து: திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. எதைப் போட்டுக் காட்டலாம், அக்கா?

அம்மா ‘லட்சுமி வந்தாச்சு’ (1986) பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சிவாஜி, பத்மினி, ரேவதி நடித்த அந்தப் படம் ‘கூப்சூரத்’தின் தமிழ் வடிவம். ‘சினிமா பைத்தியம்’ (1975) பார்த்திருந்தால் ‘குட்டி’யின் கதை தெரிந்துவிடும். எந்தக் கதை நினைவில் இருக்கிறதோ அதன் இந்திப் படத்தை முதலில் போடுங்கள். ‘சுப்கே சுப்கே’யை மட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், யார் யாராக நடிக்கிறார் என்று இடையிடையே சொல்ல வேண்டியிருக்கும்.