கியர் இல்லாத வண்டியும் ஒரு டச்சுக்காரரும்

போன இதழில் ஸ்கூட்டர் பெல்ட் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லும்போது, கியர் மாற்றாமலேயே பெல்ட்டால் வண்டியை ஓட்டும் இந்த ஏற்பாட்டைக் காரில் போட்டு ஆயிரக்கணக்கில் விற்றுக் காட்டியவர் ஒரு ஹாலந்துக்காரர் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். விடுவீர்களா! அவரைப் பற்றியே இத்தனை கடிதங்கள். சரி, இந்த முறை முழுக்க அவர்தான்.

கேள்வி: யார் அந்த ஹாலந்துக்காரர்? பெரிய படிப்பெல்லாம் படித்தவரா? (வாசகி, கரூர்)

பெயர் ஹுப் வான் டோர்ன். 1900 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பிறந்தார். உடனே கலிஃபோர்னியாவுக்குப் போய்விடாதீர்கள், நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்தில் அமெரிக்கா என்றே ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அப்பா இரும்புக் கொல்லர், ஆகவே பிள்ளை உலைக்களத்தில் வளர்ந்தது. கல்லூரியைவிடப் பட்டறைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஐந்தோவன் நகரத்து பீர் ஆலை அதிபர் ஒருவரின் காரை ஹுப் சரிசெய்து கொடுத்தார். மனிதர் அசந்துபோய், ஆலை வளாகத்திலேயே இடம் கொடுத்து, தொழில் தொடங்கப் பணமும் கொடுத்தார். அது 1928. அப்புறம் தம்பி விம் வந்து சேர்ந்தார். 1930களில் லாரிக்குப் பின்னால் கட்டும் டிரெய்லர் செய்தார்கள், 1949இல் லாரியே செய்தார்கள். டாஃப் என்று இன்றைக்கும் ஐரோப்பா முழுக்க ஓடுகிற லாரி அந்தப் பட்டறையின் வாரிசுதான்.

எனக்குப் பிடித்த கதை வேறு. ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இந்த ஆள் மூன்று சக்கரத்தில் ஒரு குட்டிக் கார் செய்தார். ‘ஓடும் மழைக்கோட்டு’ என்று அதற்குப் பெயர். வீட்டு வாசல் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு ஒடுக்கமான வண்டி.

கேள்வி: கியரே இல்லாமல் வண்டி எப்படி வேகம் எடுக்கிறது? மெக்கானிக்கிடம் கேட்டால் ‘அதுவா எடுக்கும் சார்’ என்கிறார். (வாசகர், திண்டுக்கல்)

அவர் சொன்னது சரிதான், ஆனால் கொஞ்சம் விரித்துச் சொல்லியிருக்கலாம். இரண்டு தட்டுகளை முதுகோடு முதுகு வைத்துப் பாருங்கள், விளிம்புப் பக்கம் அகலமாகவும் நடுவில் குறுகலாகவும் ஒரு ‘வி’ பள்ளம் வரும். அதில் ஒரு ரப்பர் பெல்ட் உட்காருகிறது. தட்டுகளை நெருக்கினால் பெல்ட்டுக்கு உள்ளே இடம் போதாது, வழுக்கி விளிம்பை நோக்கி ஏறும். விலக்கினால் நடுவே இறங்கும். எஞ்சின் பக்கம் இப்படி ஒரு ஜோடி, சக்கரத்துப் பக்கம் ஒரு ஜோடி. கிளம்பும்போது முன்னால் பெல்ட் சின்ன வட்டத்தில் சுற்றுகிறது, பின்னால் பெரிய வட்டத்தில். அதாவது முதல் கியர். வேகம் கூடக் கூட முன்வட்டம் பெரிதாகிறது, பின்வட்டம் சிறிதாகிறது. இரண்டாவது, மூன்றாவது என்று படி எதுவும் கிடையாது, சறுக்குமரம் மாதிரி ஒரே ஓட்டம்.

தட்டை நெருக்குவது யார்? ரங்கராட்டினம் வேகம் எடுத்தால் தொட்டில்கள் வெளியே பறக்குமில்லையா, அதே சமாச்சாரம். ஸ்கூட்டரின் இடதுபக்க மூடியைக் கழற்றினால் வேரியேட்டருக்குள், அதாவது எஞ்சின் பக்கத்துத் தட்டு ஜோடிக்குள், சின்னச் சின்ன ரோலர்கள் இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அவை வெளிப்பக்கம் ஓடி, தட்டைப் பெல்ட்டின் பக்கம் தள்ளும். மோட்டாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. எண்பதுகளில் நம் ஊருக்கு வந்த கைனெட்டிக் ஹோண்டா முதல் இன்றைய ஆக்டிவா வரை இதுதான் கதை.

இந்தத் தத்துவத்தை ஹுப் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மர அறுவை ஆலைகளிலும், 1914க்கு முந்தைய சில இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களிலும் இது இருந்தது. அதைக் குடும்பக் காருக்குத் தகுந்தபடி ஆக்கி, விரலால்கூடத் தொட வேண்டாம் என்று செய்தது இவர். 1958 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் டாஃப் 600 வந்தது. 590 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். கிளட்ச் மிதி கிடையாது. முன்னே, பின்னே என்று ஒரே ஒரு குச்சி. ‘சமத்துக் குச்சி’ என்றுதான் டச்சு விளம்பரமே. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பெல்ட், அதனால் வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள்கூடத் தேவைப்படவில்லை. ஒரு சக்கரம் பனியில் சிக்கிச் சுழன்றாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டு போகும். எனக்கு இதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனத்தின் உச்சம்.

கேள்வி: அந்தக் கார் ரிவர்ஸிலும் முன்பக்கத்தில் போகிற அதே வேகத்தில் போகுமாமே, புளுகுதானே? (வாசகர், நாகர்கோவில்)

நிஜம். முன்னே பின்னே மாற்றும் பற்சக்கரத்துக்கு அப்புறம்தான் பெல்ட் வருகிறது, ஆகவே பெல்ட்டுக்கு வண்டி எந்தத் திசையில் போகிறது என்றே தெரியாது, தன் பாட்டுக்கு வேகத்தை ஏற்றும். டச்சுத் தொலைக்காட்சியில் பின்னாடியே ஓட்டுகிற பந்தயம் நடத்தியபோது டாஃப்காரர்களுக்குக் கொண்டாட்டம். நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம், கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: இவ்வளவு நல்ல வண்டி என்றால் ஏன் நிலைக்கவில்லை? (வாசகர், ஆம்பூர்)

ஊர் வாய்தான், வேறென்ன. ஓட்டச் சுலபம் என்று பெண்களும் வயதானவர்களும் விரும்பி வாங்கினார்கள். உடனே இது ‘ஆம்பளை வண்டி’ இல்லை என்று கிண்டல் தொடங்கிவிட்டது. காலுறைக்குப் போடுகிற எலாஸ்டிக் பட்டையில் ஓடுகிற வண்டி என்றுகூட நக்கலடித்தார்கள். நம் ஊரில் ஸ்கூட்டியைப் பற்றிப் பேசியதெல்லாம் நினைவுக்கு வருகிறதா? கம்பெனிக்காரர்கள் ரோஷப்பட்டு ஃபார்முலா 3 பந்தயக் காரில் பெல்ட்டைப் போட்டு ஓட்டினார்கள். 1968இல் லண்டனிலிருந்து காபூல், டெல்லி, பம்பாய் வழியாக சிட்னி வரை நடந்த மாரத்தான் பந்தயத்துக்கும் அனுப்பினார்கள், டாஃப் 55 கடைசிவரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கெட்ட பெயர் மட்டும் மாறவில்லை. 1975இல் கார் பிரிவின் பெரும்பங்கை வோல்வோ வாங்கிக்கொண்டது, லாரி மட்டும் டாஃப் என்றே நின்றது.

கேள்வி: சிவிடி கார் வாங்கினேன். மிதித்தால் மிக்ஸி மாதிரி இரைகிறது, வண்டி அப்புறம்தான் நகர்கிறது. அதிலும் ரப்பர் பெல்ட்தானா? (வாசகர், கோவை)

சிவிடி என்பது இதே படியில்லாத கியர் ஏற்பாட்டுக்குக் காரில் வைத்த பெயர். ஆனால் ரப்பர் இல்லை, எஃகு. கயிற்றைக் கட்டி வண்டியை இழுக்கலாம், கயிற்றால் தள்ள முடியுமா? ஹுப் தன் எழுபது வயதில் இழுக்காமல் தள்ளுகிற பெல்ட்டுக்குத்தான் வழி தேடிக்கொண்டிருந்தார். சில நூறு மெல்லிய எஃகுத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, தாள் போன்ற எஃகு வளையங்களில் கோத்தார்கள். இறுகக் கோத்த மணிமாலையில் ஒரு மணியைத் தள்ளினால் அடுத்தது நகருமே, அப்படி. இதற்கென்றே 1972இல் தனிக் கம்பெனி தொடங்கினார்கள். 1979இல் ஹுப் இறந்துபோனார். அந்த பெல்ட் போட்ட சுபாரு ஜஸ்டி 1987இல்தான் கடைக்கு வந்தது. அந்தக் கம்பெனி 1995இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி கைக்குப் போனது. இன்று சிவிடி என்று எழுதியிருக்கும் கார்களில் பெரும்பாலும் அந்த வகை பெல்ட்தான்.

இரைச்சல் கோளாறு இல்லை. எஞ்சின் தனக்கு வசதியான வேகத்தில் நின்றுகொள்கிறது, பெல்ட் அதற்கேற்ப வட்டத்தை மாற்றிக்கொண்டே போகிறது. கியர் மாறும்போது சத்தம் ஏறி இறங்கிப் பழகிய காதுக்கு அது வினோதமாகப்படும். அழுத்தி மிதிக்காமல் மெதுவாகக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஃபார்முலா 1இல் இதைத் தடை செய்தார்களாமே? (கல்லூரி மாணவர், சென்னை)

ஆமாம். வில்லியம்ஸ் குழு 1993இல் ஒரு காரில் போட்டு, டேவிட் கூல்ட்ஹார்ட் என்ற பந்தய ஓட்டுநரை வைத்து ஓட்டிப் பார்த்தது. 1994 விதிகளில் சிவிடி கூடாது என்று எழுதிவிட்டார்கள். பந்தயத்தில் ஒரு தடவைகூட ஓடவில்லை.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியருக்கே இவர்தான் தந்தை என்கிறான் என் தம்பி. (வாசகி, மதுரை)

தம்பி அவசரப்படுகிறார். எர்ல் தாம்சன் குழு ஜெனரல் மோட்டார்ஸில் செய்த ஹைட்ரமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர், 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலிலேயே வந்துவிட்டது. அது எண்ணெயும் பற்சக்கரமும், வேறு குடும்பம்.

கேள்வி: கடைசியாக, ஸ்கூட்டர் பெல்ட்டை எப்போது மாற்றுவது? (வாசகர், தஞ்சாவூர்)

வண்டியோடு வந்த புத்தகத்தில் கிலோமீட்டர் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். கிளம்பும்போது உதறல், உள்பக்கப் பற்களில் வெடிப்பு, மூடிக்குள் கறுப்புத் தூள் குவிந்து கிடப்பது, இதெல்லாம் அறிகுறி. நான் ‘இன்னும் ஒரு மாதம் ஓடும்’ என்று தள்ளிப்போட்டு, காலடியில் 25 கிலோ அரிசி மூட்டையோடு மேம்பாலத்தின் நட்டநடுவில் நின்றிருக்கிறேன். எஞ்சின் ஜோராக ஓடுகிறது, ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறேன், சக்கரம் அசையவே இல்லை. பெல்ட் துண்டாகியிருந்தது. இறங்கித் தள்ளினேன்.