பாலிசிக்கு முன் மார்ச் 15

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். 2025-26 நிதியாண்டில் விற்பனை 1 கோடியே 60 லட்சம் ரூபாயைத் தொடும். அதில் 1 கோடியே 10 லட்சம் யுபிஐ, கார்டு வழியாகவும் மீதி 50 லட்சம் ரொக்கமாகவும் வருகிறது. எல்லாச் செலவும் போக 13.5 லட்சம் ரூபாய் நிற்கும். மார்ச் 31-க்குள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பிரீமியத்தில் பாலிசி எடுத்தால் வரி மிச்சமாகும் என்கிறார் தெரிந்த முகவர் ஒருவர். 10.6 லட்சம் மட்டும் காட்டினால் வரியே வராது என்கிறார் நண்பர். சரக்கு எடுத்து வர மூன்று சக்கர வண்டி ஒன்றும் வாங்க வேண்டும். அதை மார்ச்சிலேயே வாங்குவது நல்லதா? சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகளுக்குச் சில லட்சம் பாக்கி இருக்கிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, ஆண்டுச் சம்பளம் 6 லட்சம்.

பதில்: முகவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் அதிகப் பணம் வீணாவது அந்த வழியில்தான். பாலிசி பிரீமியத்தை வருமானத்தில் கழித்துக்கொள்ள உதவும் 80சி பிரிவின் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. புதிய முறையில் அது கிடையாது. நீங்கள் தனியாகப் படிவம் கொடுத்து மாறாதவரை, இருப்பது புதிய முறையில்தான். அந்த முறையில் 13.5 லட்சம் ரூபாய் வருமானத்துக்கு, 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்து, உங்கள் வரி 85,800 ரூபாய். பழைய முறைக்கு மாறி, 80சி-யில் முழு 1.5 லட்சத்தையும் மருத்துவக் காப்பீட்டுக்காக 25,000 ரூபாயையும் கழித்தால்கூட வரி 1,71,600 ரூபாய் வருகிறது. அதாவது, கையில் இருக்கும் ஒரு லட்சத்தைப் பாலிசியில் கட்டிவிட்டு, வரியையும் சரியாக இரு மடங்கு செலுத்துவீர்கள். வியாபார வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போனால் புதிய முறைக்கு ஒரே ஒருமுறைதான் திரும்ப முடியும் என்பதால், ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளும் சம்பளக்காரர்களைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது.

குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. உங்களுக்குத் தேவைப்படுவது சேமிப்பு கலந்த பாலிசி அன்று. இறப்பு நேர்ந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டெர்ம் பாலிசி ஒன்றும் மருத்துவக் காப்பீடு ஒன்றும் போதும். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. ஆகவே மார்ச் 31-க்கு ஓட வேண்டிய அவசரமும் இல்லை. நிதானமாக ஒப்பிட்டு ஏப்ரலில்கூட எடுக்கலாம்.

நண்பரின் கணக்கில் கூட்டல் பிழை இல்லை. சிறு வியாபாரிகள் விற்பனையின் சதவீதமாகவே லாபத்தைக் காட்ட அனுமதிக்கும் 44ஏடி பிரிவின்படி மின்னணு வழியில் வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் லாபமாகக் கொள்ளப்படும். 6.6 லட்சமும் 4 லட்சமும் சேர்ந்து 10.6 லட்சம், 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குப் புதிய முறையில் முழு வரித் தள்ளுபடி உண்டு என்பதால் வரி பூஜ்யம். ஆனால் அந்தச் சதவீதங்கள் அடித்தளமே தவிர உச்சவரம்பு அல்ல. உண்மையில் 13.5 லட்சம் ஈட்டியிருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்போது அதைக் காட்டுவதுதான் முறை என்பது என் கருத்து. வரித்துறையின் பார்வை ஒருபுறம் இருக்கட்டும். கடையை விரிவாக்கவோ வீடு வாங்கவோ வங்கிக்குப் போகும்போது மேலாளர் முதலில் கேட்பது கடந்த ஆண்டுகளின் ரிட்டர்ன்களைத்தான். இன்று குறைத்துக் காட்டும் வருமானம் அன்று குறைந்த கடனாக வந்து நிற்கும். பிறகு தண்டல்காரரிடம் போய்க் கட்டும் வட்டி, இப்போது மிச்சம் பிடித்த வரியைவிடப் பெரிதாக இருக்கும். உங்கள் ஜிஎஸ்டி விற்றுமுதல் வருமான வரித் தளத்தில் உள்ள ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் தெரியும் என்பதால், விற்பனைத் தொகையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றிக் காட்டாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் இந்த மாதத்தில் உங்களுக்கு மிக முக்கியமான தேதிக்கு வருகிறேன். 44ஏடி-யில் இருப்பவர்கள் நான்கு தவணையாக அல்லாமல், ஆண்டின் முழு அட்வான்ஸ் டாக்ஸையும் (ஆண்டு முடியும் முன்பே கட்டும் வரி) மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்ட வேண்டும். இந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே கட்டிவிடுவது நல்லது. தவறினால் கட்டாமல் விட்ட தொகைக்கு 1 சதவீத வட்டி, உங்கள் கணக்கில் 858 ரூபாய்; மார்ச் 31-ஐயும் கடந்தால் ஏப்ரலில் இருந்து மாதந்தோறும் 1 சதவீதம் தனியாகச் சேரும். உங்கள் பகுதியில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ரம்ஜான் இந்த ஆண்டு மார்ச் மூன்றாவது வாரத்தில் வருவதால், எம்.சி. ரோட்டின் நல்ல வியாபார நாட்கள் சில 15-ஆம் தேதிக்குப் பின்னால் விழுகின்றன. சென்ற ஆண்டுப் பண்டிகை விற்பனையை வைத்து மதிப்பிட்டு இப்போது கட்டுங்கள். லாபம் அதற்கு மேல் போனால், கூடும் ஒவ்வொரு 10,000 ரூபாய்க்கும் 1,560 ரூபாய் வீதம் கணக்கிட்டு 31-க்குள் மீதியைக் கட்டிவிடலாம். அதுவும் அட்வான்ஸ் டாக்ஸாகவே ஏற்கப்படும். ஆன்லைனில் கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) 2026-27 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் 2025-26 என்று போட்டுவிட்டு, பிறகு திருத்த ஆடிட்டரிடம் அலைகிறார்கள்.

வண்டியை வரிக்காக மார்ச்சில் வாங்க வேண்டியதில்லை. 44ஏடி-யில் தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது. தனியாக ஒரு ரூபாயும் குறையாது. சரக்கு வண்டிக்குக் கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது விற்பனைக்கு நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். கடையின் ஜிஎஸ்டி எண்ணில் பில் கேட்டு வாங்குங்கள். அது எந்த மாதத்திலும் கிடைக்கும் சலுகைதான். வரி கட்டிய பிறகும் பண்டிகைச் சரக்குக்குக் கொடுத்த பிறகும் கையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

சௌகார்பேட்டை பாக்கியில், சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அது வருமானத்தில் சேரும் என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கலாம். 44ஏடி-யில் லாபத்தைக் காட்டுபவருக்கு அந்த விதி பொருந்தாது. உங்களைத் தொடுவது ஜிஎஸ்டி விதி: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும். செப்டம்பர், அக்டோபர் பில்களை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். தீபாவளிக் கொள்முதலில் எது பாக்கி என்று அதில் தெரிந்துவிடும். அந்தப் பாக்கியை அடைக்க உறவினரிடம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாற்று வாங்காதீர்கள். வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வங்கி வழியாக வாங்கினால் தொல்லை இல்லை.

உங்கள் மனைவியின் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரி வராது. அவர் பெயரில் பிபிஎஃப் கணக்கு இருந்தால், அது செயலிழக்காமல் இருக்க ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், மகள் பெயரில் செல்வமகள் கணக்கு இருந்தால் 250 ரூபாய், 31-க்குள் போட்டுவிடச் சொல்லுங்கள். பெரிய தொகை போடுவதாக இருந்தால் ஏப்ரல் 5-க்குள் போட்டால் அந்த மாத வட்டியும் சேரும்.

மார்ச் 31 இரவு கடையடைத்ததும் கையிருப்புச் சரக்கைக் கொள்முதல் விலையில் எண்ணி எழுதிவிடுங்கள். 13.5 லட்சம் என்ற உங்கள் மதிப்பீடு சரிதானா என்பது அந்த எண்ணிக்கையில்தான் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் தண்ணீர் தேங்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரைத்தளக் கடையென்றால், அதே பட்டியலைக் கொண்டு வெள்ளச் சேதமும் அடங்கிய சரக்குக் காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். முகவருக்குக் கொடுக்க நினைத்த ஒரு லட்சத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம்.