மாவில்லா டார்ட்டிலாவும் மகனின் தாகமும்

இன்றே உங்கள் மகனின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். வெறும் வயிற்றில்தான் பார்க்க வேண்டும் என்று நாளைக் காலைக்குத் தள்ளிப்போடாதீர்கள். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. கடிதம் வந்ததுமே இதை உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். வேறொரு வீட்டிலும் இதே நிலையில் ஒரு குழந்தை இருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அரிசியும் கோதுமையும் கூடாது என்று, பிள்ளைகள் இருவரையும் கூட வைத்துக்கொண்டு காலிஃபிளவர், பாலக்கீரை, பீட்ரூட் ஆகியவற்றோடு முட்டை சேர்த்து மாவே இல்லாத டார்ட்டிலா, அதாவது சப்பாத்தி போன்ற மெல்லிய ரொட்டி, சுடுகிறீர்கள். அதனால் தைராய்டு வருமா, சிறுநீரகக் கல் வருமா என்பதுதான் கடிதத்தின் முக்கால்வாசி. நடுவில், போகிற போக்கில், ஐந்து வயது மகன் மூன்று வாரமாக ராத்திரி எழுந்து தண்ணீர் கேட்கிறான் என்கிறீர்கள். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்பியிருக்கிறது. ஆளும் இளைத்துவிட்டான், காய்கறி சாப்பிடுவதால்தானே என்று நீங்களே பதிலும் சொல்லிக்கொள்கிறீர்கள்.

காய்கறியின் மேல் பழியைப் போட்டு இதை விட்டுவிடக் கூடாது. தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவது மூன்றும் ஒரு குழந்தையிடம் சேர்ந்து வந்தால், வேறு காரணம் என்று நிரூபணமாகும் வரை மருத்துவர்களாகிய நாங்கள் டைப் 1 சர்க்கரை நோய் என்றே எடுத்துக்கொள்வோம். சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பெரியவர்கள் கேட்பதும் இதற்காகத்தான்.

உங்கள் கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் வீட்டில் மீட்டர் இருக்கும். பையனின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, புது ஊசியால் குத்திப் பாருங்கள். 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். குறைவாக இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குவது, அசந்து அசந்து தூங்குவது, இவற்றில் எது இருந்தாலும் மீட்டரைத் தேட வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அது, இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறிய நிலையாக இருக்கலாம். அஜீரணம் என்று ஓம வாட்டர் கொடுத்து ஒரு ராத்திரியைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

இடையில் நீங்கள் செய்த இரண்டு காரியங்கள் எனக்குக் கோபத்தையே வரவழைத்தன. மாலை 7 மணிக்கு மேல் தண்ணீரை நிறுத்திவிட்டீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்திருக்கிறீர்கள். தாகம் எடுக்கும் இந்தக் குழந்தைக்குத் தண்ணீரை மறுக்கவே கூடாது, உடம்பு வறண்டு இன்னும் வேகமாக மோசமாகும். அப்பாவின் சர்க்கரை மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. இவனுக்கு நோய் உறுதியானால் தேவைப்படுவது இன்சுலின். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

நீங்கள் உண்மையில் பயப்படுவது கணவரின் நோய் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்றுதான். அவருடையது டைப் 2. அந்த நாட்டம் குடும்பத்தில் இறங்கும், ஆனால் ஐந்து வயது ஒல்லிப் பையனுக்கு அது வருவதில்லை. டைப் 1 வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இட்லி கொடுத்ததால் வருவதில்லை, இட்லியை நிறுத்தினால் போவதும் இல்லை.

மாவுச்சத்தை அறவே நிறுத்திப் பார்த்த காலம் ஒன்று உண்டு. இன்சுலின் வருவதற்கு முன் அமெரிக்காவில் இந்தக் குழந்தைகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டார்கள். காய்கறியைக்கூட மூன்று முறை வேகவைத்து, நீரை வடித்துச் சக்கையைக் கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாகக் கொஞ்ச காலம் உயிரை இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயது லியனார்ட் தாம்ப்சனுக்கு இன்சுலின் ஊசி போட்ட பிறகுதான் நிலைமை மாறியது. மாவுச்சத்தை விஷம் என்று காணொளியில் பேசுபவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. குழந்தையின் தட்டில் கைவைக்கும் முன் நீங்கள் ஒரு மருத்துவரிடம் கேட்டிருக்கலாம்.

மற்ற கவலைகளை விட்டுவிடுங்கள். அயோடின் உப்புப் போட்டுச் சமைக்கிற வீட்டில், வேகவைத்த காலிஃபிளவரால் தைராய்டு கெடாது. ஏற்கெனவே கல் பிரச்சினை இல்லாத குழந்தைக்குப் பாலக்கீரை ஒன்றும் செய்யாது. பீட்ரூட்டால் மலம் சிவப்பது, கேரட்டால் உள்ளங்கை மஞ்சளாவது இரண்டும் தானே போய்விடும். கண்ணின் வெள்ளை மஞ்சளானால் மட்டும் காட்டுங்கள். முட்டை கலந்த பச்சைக் கலவையை நக்கிப் பார்க்க விடாதீர்கள். மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இசப்கோல் உமியைக் குழந்தைகள் உணவில் சேர்க்க வேண்டாம்.

டார்ட்டிலாவை நிறுத்தச் சொல்லவில்லை. துருவி, ஆவியில் வேகவைத்து ஆறவைத்த காலிஃபிளவரைத் துணியில் கட்டிப் பிழிவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலைதான். முட்டையை உடைத்து அடிக்கட்டும். தோசைக்கல் பக்கம் மட்டும் நீங்கள் நில்லுங்கள். ஆனால் 100 கிராம் காலிஃபிளவரில் 25 கலோரிதான் இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு மூன்று வேளையும் அதுவே உணவு என்றால் போதவே போதாது. மாலை டிபனுக்குச் செய்யுங்கள், உள்ளே பன்னீரோ சுண்டலோ வைத்து. சோறும் சப்பாத்தியும் மறுபடி தட்டுக்கு வரட்டும். மகனுக்கு நோய் உறுதியானாலும் இதுதான். எவ்வளவு மாவுச்சத்துக்கு எவ்வளவு இன்சுலின் என்று மருத்துவமனையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

மூத்தவளுக்கும் சோதனை வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாகமோ எடைக்குறைவோ இல்லாத பெண்ணை இப்போது குத்த வேண்டாம். தம்பியின் முடிவு வந்ததும் அதை அங்கிருக்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.