செடி இடுப்பளவு, காய் மட்டும் இல்லை

கேள்வி: மூன்று பருவமாக சோயா பயிரிடுகிறேன். நெருக்கமாக விதைத்து, இரண்டு முறை யூரியாவும் போடுகிறேன். செடி இடுப்பளவு வளர்ந்து சாய்கிறது, காய் குறைவு. ரகத்தை மாற்றவா, இடைவெளியை மாற்றவா, உரத்தைக் கூட்டவா?

பதில்: உரத்தைக் கூட்டவே வேண்டாம். முதலில் மண்வெட்டியை எடுங்கள். பூக்கும் சமயத்தில் நான்கைந்து இடங்களில் செடியை மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசி, வேர் முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அவை தழைச்சத்தை (நைட்ரஜனை) சேர்க்கின்றன. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

நான் முதல்முறை சோயா போட்டபோது இலைகள் வெளிறின. பதறிப்போய் யூரியா போட்டேன். பத்தே நாளில் கரும்பச்சை! அறுவடையில்தான் உண்மை தெரிந்தது: பாதி காய் பொக்கு, வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. அந்த நிலத்தில் அதற்கு முன் சோயா விளைந்ததில்லை. சோயா வேரில் முடிச்சு விட பிராடிரைசோபியம் என்ற தனி பாக்டீரியா வேண்டும்; மற்ற பயறுகளுக்கு மண்ணில் இருப்பது பெரும்பாலும் இதற்கு உதவாது. அடுத்த பருவம் சோயாவுக்கான நுண்ணுயிர் உரத்தை விதையில் கலந்து, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்தேன். முடிச்சுகள் கொத்துக் கொத்தாக வந்தன.

ஒரு டன் சோயா விதையில் சுமார் 60 கிலோ தழைச்சத்து இருக்கிறது. பயிருக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் முடிச்சுகளே காற்றிலிருந்து எடுத்துத் தரும். நீங்கள் யூரியாவை அள்ளிக் கொடுத்தால் செடி முடிச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் யூரியாவை நிறுத்திவிட்டு, மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தையும் (பொட்டாஷ்) மண் பரிசோதனைப்படி அடியுரமாக இடுங்கள். மண்ணின் கார அமில நிலை (pH) 6க்கும் 7க்கும் இடையில் இருப்பது நல்லது. 5.5க்குக் கீழே போனால் முடிச்சுகளுக்குத் தேவையான மாலிப்டினம் என்ற நுண்சத்து சரியாகக் கிடைக்காது. சுண்ணாம்பு இட வேண்டும்.

இடைவெளிக்கு வருவோம். 30 செ.மீ. வரிசை, செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 33 செடி. அதற்கு மேல் நெருக்கினால் தண்டு வெளிச்சம் தேடி மெலிந்து உயரும், பிறகு சாயும். செடிகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தால் கவலை வேண்டாம், சோயா பக்கக்கிளை விட்டு ஈடுகட்டும். பூக்கும் நேரத்துக்குள் இலைகள் வரிசைகளுக்கு இடையே மூடிக்கொண்டால் போதும்.

ரகத்தையும் பாருங்கள். சோயா பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கும் பயிர். உங்கள் பருவத்துக்குப் பொருந்தாத நீண்டகால ரகத்தை நீண்ட பகல் நாட்களில் விதைத்தால் பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும். உங்கள் செடியின் உயரத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வயது குறைந்த, சாயாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், சோயா விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழக்கும். 100 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் விதைக்காதீர்கள்.

மூன்றையும் ஒரே பருவத்தில் வயல் முழுக்க மாற்றாதீர்கள், எது பலன் தந்தது என்று தெரியாது. ஆறு வரிசையில் நுண்ணுயிர் உரம் கலந்து, யூரியா இல்லாமல் விடுங்கள். அறுவடையில் அந்த வரிசைகளைத் தனியாக அடித்து எடை போட்டு எனக்கு எழுதுங்கள்.